ஃபார்மட் பண்ணினால் சரியாகிவிடுமா?

ஜனவரி 11, 2026: வந்த கேள்வி

"லேப்டாப் வாங்கி எட்டு வருஷம் ஆகிறது, விண்டோஸ் 10. ஆன் செய்தால் டெஸ்க்டாப் என்னவோ வந்துவிடுகிறது, ஆனால் அதற்கப்புறம் பத்து நிமிஷத்துக்கு எதைத் தொட்டாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு க்ளீனர் போட்டுப் பார்த்தேன், 900-க்கு மேல் பிழை இருக்கிறது, பணம் கட்டினால் சரிசெய்கிறேன் என்கிறது. கேட்கிற எல்லோரும் ஃபார்மட் பண்ணு என்கிறார்கள். பண்ணினால் சரியாகிவிடுமா, இல்லை புதிதே வாங்கிவிடலாமா?"

ஜனவரி 11, இரவு

ஃபார்மட் இப்போது வேண்டாம். க்ளீனருக்குப் பணமும் கட்ட வேண்டாம். புதிது வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

முதலில் எதற்கு மூச்சு முட்டுகிறது என்று பார்த்துவிடுவோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சின்னப் பெட்டியாகத் திறந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' இருக்கும், அதை அழுத்துங்கள். சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று வரிசையாகச் சதவீதம் ஓடும். நாளைக் காலையில் ஆன் செய்ததும் வேறு எதையும் தொடாமல் இதை மட்டும் திறந்து வைத்து, அந்தப் பத்து நிமிஷமும் எந்த எண் 100-லேயே நிற்கிறது என்று பாருங்கள். மொபைலில் ஒரு படம் எடுத்துப் போட்டால் போதும்.

அந்த க்ளீனரை நீக்கிவிடுங்கள். அது 'பிழை' என்று எண்ணிக் காட்டுவதில் பெரும்பகுதி, எப்போதோ நீக்கிய மென்பொருள்கள் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கிற ஏட்டில், விட்டுப்போன வரிகளும் பிரவுசர் குக்கிகளும்தான். ஆயிரம் வரி கிடந்தாலும் வேகம் குறையாது. ரெஜிஸ்ட்ரி க்ளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. தெரியாதவர்களைப் பயமுறுத்திக் காசு பறிக்கிற வேலை இது, பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

ஜனவரி 12

படம் பார்த்தேன். சி.பி.யூ. 14, மெமரி 61, டிஸ்க் 100. இதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் அந்தப் படத்தில் இன்னொரு எண் இருக்கிறது, பலரும் அதைக் கவனிப்பதில்லை. டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கிற அதே நேரத்தில், அது உண்மையில் படித்து எழுதுகிற அளவு விநாடிக்கு 1.8 எம்.பி. மட்டுமே. முழு மூச்சாக ஓடியும் விநாடிக்கு இரண்டு எம்.பி. கூடத் தேறவில்லை.

காரணம் இதுதான். உங்கள் லேப்டாப்பில் இருப்பது சுழல்கிற ஹார்ட் டிஸ்க். லேப்டாப்களில் வருவது பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும். ஒரு பெரிய வீடியோவை நகல் எடுக்கும்போது எல்லாம் வரிசையாகக் கிடப்பதால் விநாடிக்கு 100 எம்.பி. வரை கூடத் தரும். ஆனால் விண்டோஸ் எழுந்திருக்கும்போது கேட்பது ஒரு பெரிய ஃபைல் இல்லை, தட்டு முழுக்கச் சிதறிக் கிடக்கிற ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்கள். ஆன்டிவைரஸ் ஒரு பக்கம் கேட்கும், அப்டேட் ஒரு பக்கம் கேட்கும், தேடலுக்கான இண்டெக்ஸ் ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் உள்ளே இருக்கிற கை நகர்ந்து போய், தட்டு சுற்றி வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கே 11 மில்லி விநாடி ஆகிறது. கணக்குப் போட்டால் விநாடிக்கு நூறு கோரிக்கையைக் கூட அதனால் தாண்ட முடியாது. எஸ்.எஸ்.டி. என்பது சிப்பில் சேமிக்கிற வகை டிஸ்க், அதில் தட்டும் இல்லை, கையும் இல்லை, அது விநாடிக்குப் பல்லாயிரம் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும்.

ஃபார்மட் செய்தால் என்ன ஆகும்? கொஞ்ச நாளைக்கு நன்றாக ஓடும், ஏனென்றால் அப்போது உள்ளே எதுவுமே இருக்காது. பிரிண்டர் மென்பொருள், மீட்டிங் ஆப், அது இது என்று ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற ஏறப் பழைய கதைதான். அந்த முதல் சில வாரங்களை வைத்துத்தான் ஊரெல்லாம் 'ஃபார்மட் பண்ணு' என்கிறார்கள். டிஸ்க் அதே டிஸ்க்தானே.

ஒன்று கேட்க விட்டுப்போனது. போட்டோவெல்லாம் எங்கே இருக்கின்றன? வேறு எங்காவது இன்னொரு நகல் உண்டா? இதற்குப் பதில் வராமல் மேற்கொண்டு எதுவும் செய்யச் சொல்ல மாட்டேன்.

ஜனவரி 13, காலை

செக் டிஸ்க் (டிஸ்க்கில் பிழை தேடுகிற விண்டோஸ் கருவி) ஓட்டிப் பாருங்கள் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். மோசமான செக்டர்களை, அதாவது தட்டில் கெட்டுப்போன சிறு துண்டுகளை, தேடச் சொல்லி அதை ஓட்டினால் தட்டு முழுவதையும் ஓரம் விடாமல் படிக்கும். நல்ல டிஸ்க்காக இருந்தால் பரவாயில்லை. சாகக் கிடக்கிற டிஸ்க்காக இருந்தால், கடைசியாக மிச்சமிருக்கிற உயிரையும் அதிலேயே செலவழித்துவிடும். அந்த உயிர் போட்டோக்களை வெளியே எடுப்பதற்கு வேண்டும்.

அதற்கு முன்னால் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். எல்லா டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும், அந்தக் குறிப்புக்குத்தான் இந்தப் பெயர். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் நீலத்திலோ மஞ்சளிலோ சிவப்பிலோ நிலையைக் காட்டும். நீலம் வந்தாலும் கீழே இருக்கிற பட்டியலில் மூன்று வரிகளை மட்டும் பார்த்துவிடுங்கள்: 05, சி5, சி6. கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்குத் தள்ளப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை 05. படிக்க முடியாமல் 'இது கெட்டதா இல்லையா' என்று தொங்கலில் நிற்பவை சி5. கடைசிவரை படிக்கவே முடியாதவை சி6. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. சி5-ல் ஏதாவது எண் இருந்தால் அன்றைக்கே நகல் எடுக்க வேண்டும். எண்கள் பதினாறடிமானத்தில் தெரியும், அதனால் '10' என்று இருந்தால் 16 என்று பொருள். பூஜ்யமா இல்லையா என்பதுதான் நமக்கு முக்கியம்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கிற சாட்டா கேபிள்தான் காரணம். கழற்றி மாட்டுங்கள், இல்லையென்றால் கேபிளை மாற்றுங்கள்.

ஜனவரி 13, மதியம்

மேலே எழுதியதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்டார்கள். என் அக்காவின் டிஸ்க் போனபோது நான் பக்கத்தில் இருந்தேன். முதல் நாள் வரைக்கும் வெறும் 'ஸ்லோ'தான். அடுத்த நாள் ஒரு சத்தம். டக், டக், டக், கொஞ்சம் அமைதி, மறுபடி டக், டக். உள்ளே இருக்கிற கை தன் இடத்தைத் தேடிப் போய், கிடைக்காமல் திரும்பி வருகிற சத்தம் அது. ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு வெளி டிஸ்க்கை மாட்டி, குழந்தைகள் படம் இருந்த ஃபோல்டரை முதலில் இழுத்தோம். அப்புறம் சான்றிதழ்களின் ஸ்கேன். பாட்டு, சினிமாவெல்லாம் கடைசி. பாட்டு ஃபோல்டர் பாதியில் இருக்கும்போது நின்றது, அதற்கப்புறம் அந்த டிஸ்க்கை எந்தக் கணினியும் அடையாளம் காணவே இல்லை. போனது பாட்டுதான், திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வரிசை மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா இன்னமும் சொல்வாள்.

அதனால் நகல் எடுக்கும்போது மொத்த டிரைவையும் ஒரேயடியாக இழுக்காதீர்கள். திரும்ப உருவாக்க முடியாதது முதலில்.

ஜனவரி 13, இரவு

05, சி5, சி6 மூன்றும் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். டிஸ்க் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது, சுபாவத்திலேயே மெதுவானது, அவ்வளவுதான். அதற்குப் பதில் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால் போதும். நகல் எடுக்க நிதானமாக நேரம் இருக்கிறது.

'பிக்சர்ஸ் ஃபோல்டரைக் காப்பி செய்துவிட்டேன், முடிந்தது' என்கிறீர்களே, இன்னும் முடியவில்லை. வீட்டுக் கணினியில் முக்கியமானவை அந்தந்த ஃபோல்டரில் இருப்பதே இல்லை. டெஸ்க்டாப்பில் பாதி கிடக்கும், டவுன்லோட்ஸில் மீதி கிடக்கும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும் ஃபைலாகக் கண்ணுக்கே தெரியாது, அவற்றைத் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். அவுட்லுக் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல்கள் சேமிக்கப்படுகிற பி.எஸ்.டி. ஃபைலைத் தேடி எடுங்கள். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் ஓடுகிறது என்றால் ஃபைலுக்குப் பக்கத்தில் சின்ன மேகப் படம் இருக்கிறதா பாருங்கள். மேகம் இருந்தால் அந்த ஃபைல் உங்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது.

அப்புறம் தமிழில் பழைய ஆவணங்கள் வைத்திருப்பவர்களுக்கு. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு முன்னால் பாமினி மாதிரி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதம், கதை, கோவில் மலர், எதுவாக இருந்தாலும் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். கெடவில்லை, எழுத்துரு போய்விட்டது, அவ்வளவுதான். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து நீங்கள் சேர்த்த தமிழ் எழுத்துருக்களையும் நகலோடு சேர்த்து எடுத்து வையுங்கள். நேரம் கிடைக்கும்போது அந்த ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஜனவரி 15

எந்த எஸ்.எஸ்.டி. வாங்குவது என்று கேட்டால் பிராண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எது பொருந்தும் என்று பார்க்க வேண்டும். இப்போதிருக்கிற ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்திலேயே 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. உட்காரும், அது வழக்கமாக 7 மி.மீ. தடிமன். உங்கள் காலத்து லேப்டாப்களில் எம்.2 என்ற குட்டி ஸ்லாட்டும் காலியாக இருக்க வாய்ப்பு உண்டு. அதில் பொருந்துவது 22 மி.மீ. அகலம், பெரும்பாலும் 80 மி.மீ. நீளம், பார்ப்பதற்கு ஒரு பபிள்கம் பட்டை மாதிரி இருக்கும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்: வடிவம் ஒன்றாக இருந்தாலும் எம்.2-ல் சாட்டா வகை, என்.வி.எம்.இ. வகை என்று இரண்டு உண்டு, உங்கள் ஸ்லாட் எதை ஏற்கும் என்று லேப்டாப்பின் கையேட்டில் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒன்றில் இன்னொன்று வேலை செய்யாமல் போகலாம்.

சாட்டா வகை விநாடிக்கு 550 எம்.பி. சுமாருக்கு மேல் போகாது, என்.வி.எம்.இ. அதைப்போலப் பல மடங்கு போகும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறவருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தினசரி வேலையில் பெரிதாகத் தெரியாது. 2.5 அங்குலம்தான் பொருந்தும் என்றால் வருத்தப்பட வேண்டாம்.

பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகலெடுத்து குளோன் செய்வதா, புதிதாக விண்டோஸ் போடுவதா? டிஸ்க் ஆரோக்கியமாக இருப்பதால் குளோன் செய்யலாம், இருந்தது இருந்தபடி வந்துவிடும். சி5-ல் எண் இருந்திருந்தால் புதிதாகப் போடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. விண்டோஸ் 10-லிருந்து டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டோடு கட்டப்பட்டது, டிஸ்க் மாற்றினால் இணையத்தில் இணைந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகும்.

ஜனவரி 15, சற்று நேரம் கழித்து

டிரைவைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைப் பற்றி ஒருவர் ஞாபகப்படுத்தினார், நன்றி, இது ரொம்ப முக்கியம். டிஸ்க்கைக் கழற்றுவதற்கோ பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கிற அடிப்படை அமைப்புத் திரை) கை வைப்பதற்கோ முன்னால் டிரைவ் என்க்ரிப்ட் ஆகி, அதாவது சாவி போட்டுப் பூட்டப்பட்டு, இருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். நீங்கள் ஆன் செய்யாமலேயே ஆகியிருக்கலாம். ஆகியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று இருக்கும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்தச் சாவி இல்லாமல் யாராலும், மைக்ரோசாஃப்டாலும்கூட, திறக்க முடியாது.

ஜனவரி 16

இடையில் இன்னொருவர்: "தினமும் ராத்திரி ஒழுங்காக ஷட் டவுன் செய்கிறேன், ஆனாலும் வரவர மந்தமாகிறது."

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சி.பி.யூ., கீழே 'அப் டைம்' என்று ஒரு கடிகாரம். அதைப் பாருங்கள். தினமும் அணைக்கிற கணினியில் அது பல நாள் கணக்குக் காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் நிரல்கள் மூடும், ஆனால் விண்டோஸின் கருவும், பிரிண்டர், வைஃபை போன்றவற்றை இயக்குகிற டிரைவர்களும் அப்படியே டிஸ்க்கில் எழுதப்பட்டு அடுத்த நாள் அதே நிலையில் எழும். சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கிக்கொண்டபடியே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பிரிண்டர் தெரியவில்லை, வைஃபை பிடிக்கவில்லை, ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது என்று யார் கூப்பிட்டாலும் முதலில் நான் கேட்பது ரீஸ்டார்ட் செய்தீர்களா என்றுதான், 'இப்போதுதானே ஷட் டவுன் செய்து போட்டேன்' என்பார்கள். இரண்டும் ஒன்றில்லை. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவே இல்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

ஜனவரி 18

மற்றொருவர்: "என்னிடம் ஏற்கெனவே எஸ்.எஸ்.டி.தான். ஆனாலும் பத்து நிமிஷம் ஓடினால் விசிறி கத்துகிறது, எல்லாம் இழுக்கிறது." இது வேறு வியாதி. 12-ம் தேதி நான் எழுதியது சுழல்கிற டிஸ்க்குக்கு மட்டும், அதை இதோடு சேர்க்காதீர்கள்.

அதே சி.பி.யூ. பக்கத்தில் 'பேஸ் ஸ்பீட்' என்று ஒன்றும், தற்போதைய 'ஸ்பீட்' என்று ஒன்றும் இருக்கும். கனமான வேலை கொடுத்திருக்கும்போது தற்போதைய வேகம் பேஸைவிட வெகு கீழே, 0.8 கிகாஹெர்ட்ஸ் மாதிரி, கிடந்தால் பிராசசர் சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சில லேப்டாப்களில் சார்ஜரை அடையாளம் காணாவிட்டாலும் இப்படி ஆகும், அதனால் லேப்டாப்பைக் கழற்றித் திறப்பதற்கு முன்னால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை பாருங்கள்.

திறந்தால் விசிறியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இறக்கைகளில் தூசி கொஞ்சமாகத்தான் இருக்கும். விசிறிக்கும் வெளியே காற்று போகிற செம்புத் தகடுகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய சந்து இருக்கிறது, அங்கே நூலும் முடியும் தூசியும் சேர்ந்து கம்பளித் துணி மாதிரி ஒரு பட்டையாகப் படிந்திருக்கும். சிறு இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும், அதை எடுத்ததுமே பாதி வியாதி போய்விடும். பவரை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். காற்று அடித்தால் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் பேரிங் கெடும்.

ஜனவரி 19

இன்னொருவர் வீட்டில், திரையின் வலது மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று வந்துகொண்டே இருக்கிறதாம், அப்பா பயந்துபோயிருக்கிறாராம். வைரஸ் இல்லை அது. ஏதோ ஒரு தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கேட்டபோது 'அலவ்' அழுத்தியிருக்கிறார். பிரவுசர் அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய்த் தெரியாத தளங்களை நீக்குங்கள், நின்றுவிடும். திரை முழுக்க எச்சரிக்கையும் தொலைபேசி எண்ணும் வந்தால் அந்த எண்ணுக்குக் கூப்பிடவே கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். எந்த நிறுவனமும் அப்படி எண் கொடுப்பதில்லை. எஸ்கேப்பை அழுத்திப் பிடித்தால் முழுத்திரையிலிருந்து வெளியே வந்துவிடும், வராவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள்.

ஜனவரி 22

எஸ்.எஸ்.டி. போட்டாகிவிட்டது, அரை நிமிஷத்துக்குள் பிரவுசரே திறந்துவிடுகிறது என்று செய்தி வந்தது. மனசு நிறைந்துவிட்டது.

'ஃபார்மட் வேண்டாம்' என்று முதலில் எழுதியதைச் சிலர் எப்போதுமே கூடாது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. நிஜமாகவே வைரஸ் புகுந்துவிட்டது, யாரோ ஒருவருக்குத் தொலைவிலிருந்து கணினியைத் திறந்துவிட்டுவிட்டோம், அல்லது கைமாற்றிக் கொடுக்கப் போகிறோம் என்றால் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் சரி. காரணம் தெரியாமல் செய்யாதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும், விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கிறது. இன்றைக்கே செய்துவிடுங்கள். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசரிலிருந்துதான் ஏற்கும். உங்கள் லேப்டாப் சரியாக எல்லையில் நிற்கிறது. 11 ஓடுமா என்று சொல்கிற மைக்ரோசாஃப்டின் பி.சி. ஹெல்த் செக்கை ஓட்டுங்கள். டி.பி.எம். இல்லை என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள், பயாஸில் அணைத்து வைத்திருக்கலாம். பிராசசரே பழையது என்றால், சோதனைகளை ஏமாற்றி 11 போடுகிற வழிகள் உலவுகின்றன, வங்கிக் கணக்கு பார்க்கிற கணினியில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். பிரவுசரும் கடிதமும் மட்டும் போதும் என்றால் விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பிடித்திருந்தால் அப்புறம் நிறுவலாம்.

ஜனவரி 25

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது என்ற கடைசிக் கேள்விக்கு. 2.5 அங்குலத்துக்கான யு.எஸ்.பி. உறை ஒன்று வாங்கி மாட்டினால் அதுவே வெளி டிஸ்க். எட்டு வருஷம் ஓடியது என்பதால் கூடுதல் நகலாக மட்டும் வையுங்கள், ஒரே நகலாக வேண்டாம். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்கிற கணக்கு. வெளியே என்பது கிளவுடாக இருக்கலாம், தம்பி வீட்டு அலமாரியாகவும் இருக்கலாம். எடுத்த நகலிலிருந்து நாலு படத்தையாவது வேறு கணினியில் திறந்து பாருங்கள்.

யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் 'குவிக் ஃபார்மட்' போதாது, அது பட்டியலை மட்டும்தான் அழிக்கும், படங்களை மீட்டெடுத்துவிடலாம். அந்த 'குவிக்' டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் கொடுங்கள். விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் தட்டு முழுக்கப் பூஜ்யம் எழுதுகிறது, கொள்ளளவைப் பொறுத்துச் சில மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். இது சுழல்கிற டிஸ்க்குக்கான வழி. பழைய எஸ்.எஸ்.டி.யைக் கொடுப்பவர்கள் அதன் தயாரிப்பாளரின் கருவியில் இருக்கிற 'செக்யூர் இரேஸ்' பயன்படுத்துங்கள்.